கிணற்றடியில் ஒரு வகுப்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு என நாம் அழைப்பதும் மாரி மழையோடு தோன்றி, மழை ஓய்ந்தபின் மறைந்துவிடுவதே. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வானம் தருவதைச் சுண்ணக்கற் பாறையானது தன் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் வாங்கி வைத்துக்கொள்கிறது. அந்நீரையே கிணறு வழியாக மீண்டும் எடுத்து வெங்காயம், மிளகாய், புகையிலை, மரக்கறி யாவற்றையும் செய்கை பண்ணி வருகிறோம். குடிப்பதும் அதே நீர்தான். தோட்டத்துக்கும் அடுப்படிக்கும் ஒரே நீரைப் பங்கிட்டு வாழும் ஊரில் அந்நீரின் நிலையை அறிந்துவைத்திருக்க வேண்டியவர் யார்? அது உத்தியோகத்தர் வேலையென்று விட்டுவிடலாமா?

வலிகாமப் பகுதிப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்கு விவசாய விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், இவ்வினாவுக்குத் தம் மாணாக்கரைக் கொண்டே விடை தேடி வருகிறார். அப்பாடசாலை எமது கடமைப் பிரிவுக்குள் அமைந்திருப்பதால் அவ்வகுப்பைப் பலமுறை கண்டிருக்கிறோம். அது கரும்பலகைக்கு முன்னால் நடைபெறுவது குறைவு. பெரும்பாலும் கிணற்றடியிலும் வாய்க்கால் ஓரத்திலுமே நடைபெறுகிறது. கமக்காரர் சிலர் அதனை வரவேற்றனர், சிலர் சினந்தனர். சினந்தவர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது. அதனைப் பின்னர் கூறுவோம்.

முதற் பாடத்துக்கு வேண்டிய உபகரணம் ஒரு பெரிய கண்ணாடிப் போத்தல், ஒரு பிடி உப்பு, ஒரு துண்டு பீற்றூட் கிழங்கு, ஒரு வெற்றிலை, இரண்டு பப்பாசி இலைக் காம்பு. உப்பை நீரிற் கரைத்துப் பீற்றூட் சாற்றினாற் செந்நிறமாக்கிப் போத்தலின் கீழ்ப்பாதியை நிரப்புவர். அதன் மேல் வெற்றிலையை மிதக்கவிட்டு, இலைமீது நன்னீரைச் சொட்டுச் சொட்டாக வார்ப்பர். பாரமான உப்புநீர் கீழேயும் இலகுவான நன்னீர் மேலேயும் கலவாது நிற்கும். இதுவே குடாநாட்டின் நிலத்தடி என்று ஆசிரியை சொல்வார். பின்னர் காம்பின் நுனியை மேல்நீரில் வைத்து ஒரு மாணவன் மெதுவாக உறிஞ்சுவான். தெளிந்த நீரே வரும். இன்னொருவன் அதே இடத்தில் வேகமாக உறிஞ்சுவான். செந்நீர் கூம்புபோல எழுந்து காம்புக்குள் ஏறும். உறிஞ்சியவனின் முகம் கோணுவதைக் கண்டு வகுப்பே சிரிக்கும். அச்சிரிப்போடு பாடமும் மனத்திற் பதிந்துவிடுகிறது.

இது வெறும் விளையாட்டன்று. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயரம் நிற்குமாயின், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரை அது உப்புநீரை அமிழ்த்தி வைத்திருக்கும் என்பதைக் கீபன், ஹேர்ஸ்பேர்க் என்னும் ஐரோப்பிய ஆய்வாளர் இருவர் நூறாண்டுக்கு முன்னரே தனித்தனியே கண்டறிந்தனர். மேலே ஓரடி குறையுமாயின், காலப்போக்கில் கீழேயுள்ள உப்புநீர் 40 அடி வரை மேலெழ இடமுண்டு என்பதே இதன் மறுபக்கம். புத்தூரிலுள்ள நிலாவரைக் கிணற்றின் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருப்பதை நம்மவர் நெடுங்காலமாக அறிவர். துலா மிதித்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. எரிபொருள் உள்ளவரை அது இறைத்துக்கொண்டே இருக்கும். கடற்கரையை அண்டிய தோட்டங்களில் இப்போத்தற் பாடத்தை ஒருமுறை செய்து காட்டினால், நீண்ட பிரசங்கம் செய்ய வேண்டிய அவசியம் இராது என்பது எமது எண்ணம்.

அடுத்தது அளவெடுத்தல். உலோக அளவுநாடாவின் அடிமுனையில் வெண்கட்டியைப் பூசிக் கிணற்றுக்குள் இறக்கி, கட்டின் விளிம்பில் நிற்கும் அளவைக் குறித்துக்கொண்டு மேலே எடுப்பர். நனைந்த வெண்கட்டி எவ்வளவு தூரத்துக்கு நிறம் மாறியுள்ளது என்பதைப் பார்த்துக் கழித்தால் நீர்மட்டம் சரியாகத் தெரிந்துவிடும். இரு வாரத்துக்கு ஒருமுறை, அதே கிணற்றில், அதே விளிம்பில், விடியற்காலை இறைப்புத் தொடங்கு முன்னர் இவ்வளவு எடுக்கப்படுகிறது. இறைப்புக்குப் பின் அளந்தால் கிணற்றின் களைப்பைத்தான் அளப்போமே தவிர நிலத்தடி நீரின் உண்மை மட்டத்தை அல்ல என்று ஆசிரியை வற்புறுத்துவார். மாரியில் ஏறிப் பின்னர் புரட்டாதி வரை படிப்படியாக இறங்கும் கோட்டை மாணாக்கர் தாமே தாளில் வரைகின்றனர். மழைமானி வாங்கப் பணமில்லாத பாடசாலை அது. நேரான சுவருள்ள தகரப் பேணியும் அடிமட்டமுமே மழையை அளக்கின்றன. அதனாற் குறையொன்றும் நேரவில்லை.

இனி இறைப்பு. 200 லீற்றர் பீப்பா ஒன்றை இயந்திரக் குழாயின் வாயில் வைத்து, அது நிரம்பும் நேரத்தைக் கடிகாரத்திற் பார்ப்பர். 40 விநாடியில் நிரம்புமாயின் மணிக்கு 18,000 லீற்றர் என்பது கணக்கு. ஒரு பரப்புக்கு எத்தனை நிமிடம் நீர் விடப்படுகிறது என்பதைக் கமக்காரரிடம் கேட்டுப் பெருக்கினால், அவர் தம் வாழ்நாளிற் கேட்டறியாத ஓர் எண் கிடைத்துவிடும்.

அத்துடன் மண்வெட்டி வேலையும் உண்டு. இறைப்புக்கு மறுநாள் பாத்தியின் ஓரத்தில் முழங்காலளவு குழி வெட்டிப் பார்ப்பர். நனைந்த செம்மண் கருஞ்சிவப்பாகவும் நனையாத மண் வெளிறியும் இருக்குமாதலால் ஈரம் எதுவரை இறங்கியது என்பதைக் கண்ணாற் காணலாம். வெங்காயத்தின் வேர் பெரும்பாலும் மேலுள்ள ஓரடி மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். ஈரம் அதற்குக் கீழும் வெகுதூரம் சென்றிருந்தால் அந்நீர் பயிருக்குப் பயன்படாது. அதனை மேலேற்றச் செலவான எரிபொருளும் வீண். இவற்றையெல்லாம் விட, அது தனியே கீழிறங்குவதில்லை.

இங்கேதான் விடயம் சிக்கலாகிறது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. மண்ணில் அது நைத்திரேற்றாக மாறும். நைத்திரேற்றை மண் பிடித்து வைப்பதில்லை. நீர் செல்லும் இடமெல்லாம் அதுவும் செல்லும். சுண்ணக்கல்லின் வெடிப்புகளோ அதற்குத் திறந்த கதவுகள். ஆசிரியை ஒருநாள் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதினார். 50 கிலோகிராம் யூரியா மூடை ஒன்றில் 23 கிலோகிராம் நைதரசன் உண்டு. அது முழுவதும் நைத்திரேற்றானால் ஏறக்குறைய 100 கிலோகிராம். அதிற் பாதி வேருக்கு எட்டாது கீழிறங்கியதாகக் கொள்வோம். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அவ்வாறாயின் ஒரு மூடையின் பாதி எத்தனை லீற்றர் நீரை அந்த எல்லைக்குக் கொண்டுவரும்? விடை 10 லட்சம் லீற்றர். மாணாக்கர் இருமுறை செய்து பார்த்தும் அதே விடையே வந்தது.

வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று இவ்வெல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வாளர் பல்லாண்டுகளாக எடுத்துக் கூறி வந்துள்ளனர். பழி முழுவதையும் கமக்காரர் தலையிற் போடுவது நீதியன்று. கிணற்றுக்கு அண்மையில் வெட்டப்படும் மலசலகூடக் குழிகளும் மாட்டுத்தொழுவக் கழிவும் இதற்குக் காரணமாகின்றன. ஆயினும் தோட்டத்திற் சிந்தும் பங்கு தோட்டக்காரரின் கைக்குள் உள்ளது.

இதனால் வரும் தீங்கு பெரியவருக்கு எளிதில் தெரியாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கே பேராபத்து. போத்தற் பாலைக் கரைக்க அந்நீரைப் பயன்படுத்தினால், குருதி ஒட்சிசனைக் காவிச் செல்லும் ஆற்றலை இழக்கக் குழந்தையின் உடல் நீலம் பாயும். அமெரிக்க நாட்டின் அயோவா மாநிலத்துப் பண்ணைக் குழந்தைகளிடம் கண்ட இந்நோய்க்குக் கிணற்று நீரின் நைத்திரேற்றே காரணமென்பதைக் கொம்லி என்னும் வைத்தியர் 1945 ஆம் ஆண்டில் வெளியிட்டார். நீரைக் கொதிக்கவைத்தாற் கிருமி சாகும், நைத்திரேற்றுப் போகாது. நீர் வற்ற வற்ற அது செறிவடையவே செய்யும். வடிகட்டும் துணியாலும் பயனில்லை. தாய்ப்பால் மட்டும் அருந்தும் குழந்தைக்கு இவ்வச்சம் வேண்டியதில்லை. மாப்பால் கொடுக்க நேரும் வீட்டார் சோதித்த நீரையே பயன்படுத்துதல் வேண்டும். இது பற்றிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டறியலாம்.

நைத்திரேற்றை அறியும் சோதனைத் தாள் சிறியது. நீரில் ஒரு கணம் தோய்த்தெடுத்துச் சற்றுப் பொறுத்தால் நிறம் மாறும். அந்நிறத்தைப் போத்தலின் மேலுள்ள நிறவரிசையோடு ஒப்பிட்டு அளவை மதிப்பிடலாம். ஆய்வுகூடச் சோதனை போன்று நுட்பமானதன்றாயினும், எந்தக் கிணற்றை ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதை அது காட்டிவிடும். மாணாக்கர் தத்தம் வீட்டுக் கிணற்று நீரையும் அயற்கிணற்று நீரையும் கொண்டுவந்து சோதித்தனர். சிலவற்றில் தாள் எல்லை நிறத்தையும் கடந்து கருஞ்சிவப்பாயிற்று.

சினம் எழுந்தது இதன் பின்னரே. மாணவன் ஒருவன் சந்தையில் நின்று, இன்னாருடைய கிணறு பழுது என்று உரக்கச் சொல்லிவிட்டான். அன்று மாலையே அக்கிணற்றுக்கு உரியவர் பாடசாலைக்கு வந்தார். அறுபதைக் கடந்த கமக்காரர். வெங்காயச் செய்கையில் ஊருக்கே முன்னோடி.

“பிள்ளை, அது என் பாட்டனார் கல்லுடைத்து வெட்டிய கிணறு. மூன்று தலைமுறை அந்த நீரைக் குடித்திருக்கிறோம். உம்முடைய பிள்ளைகள் ஒரு காகிதத் துண்டைக் காட்டி அதற்கு வசை சொல்லலாமா? நாளைக்கு என் மரக்கறியை யார் வாங்குவார்?” என்று கேட்டார்.

ஆசிரியை வாதிடவில்லை. “ஐயா, நீங்கள் சொல்வது நியாயம். கிணற்றின் செய்தி முதலில் உங்களுக்குத்தான் வந்திருக்க வேண்டும்” என்றார். மறுவாரமே ஒரு விதி ஏற்பட்டது. அன்று முதல் பதிவேட்டில் உரியவரின் பெயர் எழுதப்படுவதில்லை. கிணற்றுக்கு ஓர் இலக்கம் மட்டுமே. முடிவை முதலில் உரியவரிடம் நேரிற் சொல்லுதல் வேண்டும். அவர் இசையாவிடின் வேறெவரிடமும் சொல்லலாகாது. மாணாக்கர் யாவரும் இதற்குக் கையொப்பமிட்டனர். நீரைச் சோதிக்கப் பழகுவதைவிட நாவை அடக்கப் பழகுவது கடினமாயிருந்தது என ஆசிரியை எம்மிடம் சிரித்துக்கொண்டே கூறினார். எம் போன்ற உத்தியோகத்தருக்கும் அவ்விதி பொருந்தும்.

அப்பெரியவரின் மனத்தை மாற்றியது மன்னிப்பன்று, கணக்கு. சந்தையில் வாய்விட்ட அதே மாணவனே அவர் வீட்டுத் திண்ணையிலிருந்து அதனைச் செய்துகாட்டினான். லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுள்ள நீரில் ஏறக்குறைய 11 மில்லிகிராம் நைதரசன் உண்டு. ஒரு பரப்பு வெங்காயத்துக்குச் செய்கைக் காலம் முழுவதும் ஒரு லட்சம் லீற்றர் நீர் இறைப்பதாகக் கொண்டால், அந்நீரோடு ஒரு கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட நைதரசன் பாத்திக்குள் வந்து சேர்கிறது. யூரியாவாகச் சொன்னால் ஏறக்குறைய இரண்டரைக் கிலோகிராம். எட்டுப் பரப்புக்கு 20 கிலோகிராம். அவருடைய கிணற்றிலோ எல்லைக்கு மேற்பட்ட அளவு உண்டு. முன்பு காசு கொடுத்து வாங்கி நிலத்தில் இட்ட பசளை கிணற்றிலிருந்து திரும்பி வருகிறது. அதன்மேல் மறுபடியும் காசு கொடுத்துப் பசளை இடப்படுகிறது!

2021 ஆம் ஆண்டில் அசேதனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு கார்த்திகையில் அத்தடை நீக்கப்பட்டதையும், அதன் பின்னர் மூடை விற்ற விலையையும் கமக்காரர் எவரும் மறந்திருக்கமாட்டார். பெரியவர் கணக்கை மறுமுறை கேட்டார். பின்னர், “சரி தம்பி, இரண்டு பரப்பில் மட்டும் மேற்பசளையைக் குறைத்துப் பார்ப்போம். மற்றது வழமைபோல் இருக்கட்டும்” என்றார்.

அவர் செய்தது புத்தியான காரியம். நீரோடு வரும் நைதரசன் முழுவதையும் பயிர் எடுத்துக்கொள்ளும் என எண்ணி ஒரேயடியாகப் பசளையை நிறுத்துவது தவறு. வேரைத் தாண்டி இறைத்தால் அந்நைதரசனும் மீண்டும் கீழேயே போகும். ஆகவே முதலில் இறைப்பைச் சீராக்கி, அதன் பின்னரே பசளையைக் குறைத்தல் வேண்டும். மாணாக்கர் இரு பகுதியையும் குழி வெட்டிப் பார்த்து, இறைப்பு நேரத்தைக் குறைத்து, அறுவடையில் இரண்டையும் வேறுவேறாக நிறுத்தனர். விளைவிற் குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை. ஒரு போகத்து ஒரு தோட்டத்தைக் கொண்டு ஊருக்கு விதி வகுத்தல் தகாது. எனினும் மறுபோகத்தில் பெரியவர் இரண்டு பரப்பை நான்காக்கினார். அவர் வீட்டில் பேரக்குழந்தை பிறந்தபோது மாப்பாலுக்கு வேறு கிணற்றிலிருந்து நீர் எடுத்தார் என்பதையும் அறிந்தோம்.

எல்லோரும் அவ்வாறு இசைந்துவிடவில்லை. அதே ஒழுங்கையில் இன்னொருவர் இன்றுவரை தம் கிணற்றடிக்கு மாணாக்கரை விடுவதில்லை. நீர் கெட்டதென்று தெரிந்தாலும் வேறு நீருக்கு எங்கே போவது என்பது அவர் கேள்வி. அதற்கு ஆசிரியையிடமும் எம்மிடமும் உடன் விடையில்லை. கிணற்றைத் திருத்தப் பல மாரி வேண்டும். இன்று குறைக்கும் யூரியா இன்றே நீரைத் தூய்மையாக்கிவிடாது.

நெல் விளைவிப்போரையும் இவ்வகுப்பு விட்டுவைக்கவில்லை. மாரியில் மாணாக்கர் வயல் வரம்பில் நின்று, வரம்பு உடைந்த வயலில் மழைநீர் எவ்வளவு நேரம் நிற்கிறது, செம்மையான வரம்புள்ள வயலில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று குச்சி நட்டுப் பார்க்கின்றனர். நின்ற நீரிற் பெரும்பங்கு கீழிறங்கி அயற்கிணறுகளைச் சேர்கிறது. ஆகையால் நெற்செய்கையாளர் கட்டும் வரம்பு தோட்டக்காரரின் கிணற்றுக்கும் உதவுகிறது. தூர்ந்துபோன குளமும் கேணியும் இதே வகையில் ஊருக்கு நட்டம். நெற்பயிரின் பசுமையை அளக்க இலை நிற அட்டையும் அவர்களிடம் உண்டு. நன்கு விரிந்த இளம் இலையை, தம் உடலின் நிழலில் மறைத்து அட்டையோடு ஒப்பிட்டு, கடும் பச்சையாயின் யூரியா இப்போது தேவையில்லை என்பதைக் கமக்காரருக்குக் கூறுவர். வெயிலிற் பிடித்துப் பார்த்தால் நிறம் ஏமாற்றிவிடும்.

மேலும் ஒரு சிறு சோதனையை வீட்டில் எவரும் செய்யலாம். வெள்ளைப் பருத்தித் துணித் துண்டுகள் இரண்டை எடுத்து, ஒன்றை மாட்டெருவும் குழையும் இட்டுவரும் பாத்தியிலும், மற்றதை நெடுநாள் எருவே காணாத பாத்தியிலும் அரையடி ஆழத்திற் புதைத்து, இரண்டு மாதத்தின் பின் தோண்டிப் பார்க்க வேண்டும். மண்ணுயிர்கள் மிகுந்த இடத்தில் துணி இற்றுப்போயிருக்கும். பூவரசங்குழை தாழ்த்திய நம் முன்னோர் இதற்குத் துணி புதைத்துப் பார்க்கவில்லை. ஆனாற் பயனை அறிந்திருந்தனர்.

உங்கள் ஊர்ப் பாடசாலையிலும் இத்தகைய வேலையைத் தொடங்க விரும்பும் ஆசிரியர் இருக்கலாம். அவருக்கு வேண்டியவை பெரிய தொகையல்ல. ஒரு கிணறு, ஒரு பாத்தி, ஒரு விடியற்காலை மட்டுமே. அழைக்கும் கமக்காரர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். மருந்து தெளித்த தோட்டத்துக்குள் மாணாக்கரை விடுதலாகாது. தெளிகருவியையோ மருந்துப் போத்தலையோ அவர்கள் கையிற் கொடுத்தலும் ஆகாது. நீர் மாதிரி எடுக்கும் போத்தலை அக்கிணற்று நீராலேயே மும்முறை அலசுதல் வேண்டும். சோதனைத் தாளின் காலம் கடந்துவிட்டதா என்பதைப் பார்த்த பின்னரே நிறத்தை நம்புதல் வேண்டும். எல்லையைத் தாண்டிய நீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் வழியைப் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேட்டறியலாம்.

கிணற்றுக் கட்டு நெஞ்சளவு உயரமில்லாத கிணறுகளுக்கு அவ்வாசிரியை எவரையும் அனுப்புவதில்லை. தோட்டக் கிணறுகளிற் பலவற்றுக்குக் கட்டே இல்லை. அத்தகைய கிணறுடையோர் முதலிற் கட்டை உயர்த்திய பின்னர் மாணாக்கரை அழைப்பாராக.